மெய்யிங் கொண்டுபோன செலரிக்கட்டு

லுவான் மெய்யிங் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த அன்று அவள் கைக்குட்டையின் முனையில் ஒரு முடிச்சு இருந்தது. மோதிரம் என்றாள் ஒருத்தி, தோடு என்றாள் இன்னொருத்தி. மறுநாள் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே செலரி விதை. ஓமத்தைவிடப் பொடி. தும்மினால் பறந்துவிடும்.

"மலையூர்லருந்து பொண்ணு எடுத்தோம், ஒரு சிட்டிகை தூசி கொண்டுவந்திருக்கா!" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார். அன்று அவரோடு சேர்ந்து நாங்களும் சிரித்தோம்.

அந்த வருடம் பனி விழத் தொடங்கும் முன் அவள் பறித்த முதல் செலரியைத் தின்ற பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சந்தையில் விற்பது பட்டைத் தண்டுச் செலரி. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், தின்றால் வெறும் தண்ணீர். இவளுடையது பென்சில் கனத் தண்டு, உள்ளே குழல், அடிப்பக்கம் மட்டும் யாரோ சாயம் தொட்டு வைத்த மாதிரி இளஞ்சிவப்பு. பாத்தியில் காலை வைத்தாலே தெரு முழுக்க வாசனை எழும். பன்றிக்கறியோடு கொத்தி மாவில் பொதிந்து கொழுக்கட்டையாக வேகவைத்தால் நான்கு வீடு தள்ளி இருப்பவனுக்கும் பசிக்கும்.

ஆனால் விதையை மட்டும் யாருக்கும் தரமாட்டாள். அது அவளுடைய அம்மா போட்டு அனுப்பிய கட்டளை. "கட்டுக் கட்டா வேணும்னா வாங்கிட்டுப் போங்க அக்கா. வெதை மட்டும் கேக்காதீங்க" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஊர் முனையில் நான் கடை வைத்திருந்தேன். சோயா, வினிகர், தீப்பெட்டி, அப்புறம் ஊருக்கே ஒரு தொலைபேசி. என்னைப் பகைத்துக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள். அப்படியும் எனக்கு அவள் விதை தந்ததில்லை.

கொடுத்தாலும் நாங்கள் வளர்த்திருப்போமா என்பது வேறு கதை. உச்சிக் கோடையில், மற்ற எல்லோரும் நிழல் தேடும் நாளில், அவள் விதையை ஈரத்துணியில் பொட்டலம் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிடுவாள். தண்ணீரைத் தொடக்கூடாது, தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் படவேண்டும். தினமும் இழுத்து அலசி மறுபடி தொங்கவிடவேண்டும். முளை கண்ணுக்குத் தெரிந்ததும் நாற்றாங்கால், அதற்கு மேலே ஓலைப்பந்தல். பிறகு முற்றத்துப் பாத்தியில் பள்ளம் தோண்டி நடவு. இலையுதிர் காலம் வந்ததும் செடி வளர வளர இருபக்கமும் மண் அணைத்துக்கொண்டே வருவாள். வெயில் படாத தண்டுதான் வெள்ளையாக, இளசாக இருக்கும். மண் அணைக்கும்போது இடது கையால் செடியின் தலையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். ஒரு பொட்டு மண்கூடக் குருத்துக்குள் விழக்கூடாது. விழுந்தால் நடுவிலிருந்து அழுகும்.

அவள் புருஷன் யூ பாவ்லின் அப்போது என்ன செய்வான் என்றால், முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்பான்.

"ஏன்யா, அந்தத் தண்ணிக் குடத்தையாவது எடுத்துக் குடுக்கக்கூடாதா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இந்தக் கை இரும்புக்குன்னு பொறந்தது அக்கா. மண்ணத் தொட்டா கோவிச்சுக்கும்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். மெய்யிங்தான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். அவன் அப்படித்தான், பேசியே ஆளைக் கரைத்துவிடுவான்.

இரும்புக்குப் பிறந்த கை துறைமுகத்துக்குப் போனது. அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பற்றவைப்பு வேலை. பேருந்தில் போனால் அரைநாள் வழி. புத்தாண்டுக்கு வருவான், கோதுமை அறுப்புக்கு வருவான். மற்ற நாளெல்லாம் மெய்யிங் மகள் யான்சியூவை வளர்த்துக்கொண்டு, வயலையும் முற்றத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தனியாக இருந்தாள் என்று சொல்லமுடியாது. பாவ்லினின் தங்கை சாய்லியனை எங்கள் ஊரிலேயே பின்தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் என்றால் ஊரில் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இவர்கள் இருவரும் அப்படியில்லை. சாய்லியனுக்குப் பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தபோது ஒரு மாதம் முழுக்க அவளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் மெய்யிங். குளிர்காலம் வந்தால் சாய்லியன் தன் வீட்டு அடுப்பைக்கூட மூட்டமாட்டாள். அடுப்புச் சூடு அடியில் ஓடும் அண்ணி வீட்டுச் சூட்டு மேடையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, உன் வீட்டு மேடை சுடற மாதிரி என் புருஷன் மனசுகூடச் சுடாது" என்பாள். பருவத்தின் முதல் செலரிக்கட்டு எப்போதும் சாய்லியன் வீட்டுக்குத்தான். அதற்கப்புறம்தான் எங்களுக்கெல்லாம்.

அந்தப் புருஷன் ருன்ஷெங் லாரி ஓட்டினான். ஆப்பிள் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவான், கருவாடு ஏற்றிக்கொண்டு திரும்புவான். பாவ்லினுக்கு ரத்தக்கொதிப்பு என்று மருத்துவர் சொன்ன வருடத்திலிருந்து, அந்த லாரியில் மெய்யிங் செலரி அனுப்பத் தொடங்கினாள். செலரி தின்றால் கொதிப்பு அடங்கும் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். வேரோடு பிடுங்கி, ஈர வைக்கோல் சுற்றி, பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல் சுற்றிக் கட்டி அனுப்புவாள். "அண்ணன் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னார்" என்று ருன்ஷெங் வந்து சொல்வான். அன்று முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஒரு வருடம் கோதுமை அறுப்புக்கு வந்த பாவ்லின் கோடை உச்சிவரை தங்கினான். அந்த முறை வேர்க்கடலையை ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்து நின்றானாம். ஏன் தண்ணீரில் முக்கக்கூடாது, எத்தனை ஆழத்தில் தொங்கவிடணும், மண் எப்போது அணைக்கணும், குளிர்காற்றுக்கு மறைப்பாகச் சோளத்தட்டையை எந்தத் திசையில் சார்த்தணும் என்று ஒன்றுவிடாமல் கேட்டானாம். கிளம்பும்போது பட்டறை வாசல் காவலாளிக்கு வேண்டும் என்று ஒரு சிட்டிகை விதையும் கேட்டிருக்கிறான்.

"குடுத்தியா?" என்று கேட்டேன். வினிகர் வாங்க வந்தவள் வினிகரை மறந்துவிட்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புருஷனுக்குக் குடுத்தா வெளில குடுத்த மாதிரி ஆகுமா அக்கா?" என்றாள். முகமெல்லாம் வெளிச்சம். "இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் என் பாத்தி அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."

இதெல்லாம் நடந்து சில வருடம் கழித்து, குளிர்காலத் தொடக்கத்தில், ஆப்பிள் பெட்டிக்குக் கயிறு கட்டும்போது ருன்ஷெங் லாரி மேலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். பாவ்லினுக்குக் கட்டிவைத்த செலரி மெய்யிங் வீட்டு வாசலில் இருந்தது. அவள் என் கடைக்கு வந்து பேருந்து எப்போது என்று விசாரித்தாள். சாய்லியனும் கூடவே வந்தாள்.

"அண்ணி, உனக்குப் பஸ்ஸு ஒத்துக்காது. வாந்தி எடுப்ப."

"எடுத்தா எடுக்கறேன்."

"வேற லாரில சொல்லி அனுப்பிக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"வேற லாரிக்காரன் பாதிய தின்னுட்டுப் பாதிய குடுப்பான். நானே போறேன். அவர் இருக்கற எடத்த நான் பாத்ததே இல்லியே, சாய்லியன். உனக்குத் தெரியும், ருன்ஷெங்குக்குத் தெரியும், அங்கயே படிக்கப் போன யான்சியூவுக்கும் தெரிஞ்சிருக்கும், எனக்கு மட்டும் தெரியாது. நல்லாவா இருக்கு?"

சாய்லியன் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாவது போ" என்றாள்.

"சொன்னா வராதேம்பார். செலவும்பார். திடீர்னு போய் நிக்கறேன், பயந்துடட்டும்!" என்று மெய்யிங் கண்ணடித்தாள்.

அவள் போன பிறகு சாய்லியன் அண்ணனின் பட்டறைக்குத் தொலைபேசியைச் சுற்றினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்போது எனக்கு அது வினோதமாகப் படவில்லை.

இனி நான் சொல்வது மெய்யிங் பிறகு என்னிடம் சொன்னது.

பேருந்தில் செலரிக்கட்டு மடியில் இருந்தது. "அக்கா, வண்டியக் கொழுக்கட்டைக் கடையாக்கிட்டீங்களே, எல்லாருக்கும் எச்சி ஊறுது" என்றானாம் நடத்துநர். அவள் அவனுக்கு இரண்டு தண்டு ஒடித்துக் கொடுத்தாள். வாந்தியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாகப் போயிருக்கிறாள்.

பட்டறை வாசலில் ஒரு கிழவர் காவலுக்கு இருந்தார். வெல்டிங் பாவ்லின் தங்குகிற அறை எது என்று கேட்டாள்.

"பாவ்லினா? அவன் இங்க தங்கறதே இல்லியேம்மா. மேட்டுமேல வீடு. வலை தைக்கறாளே குவோ லிங், அந்த வீடு." பிறகு அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்து, "செலரியா? அவனுக்கு எதுக்கு? அவனே வீட்டுல பாத்தி பாத்தியாப் போட்டிருக்கான். போன வாரம்கூட எனக்கு ஒரு கட்டு குடுத்தானே" என்றார்.

அவன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், வாடகைக்கு ஒரு பெண் வீட்டில் இருக்கிறான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். நினைக்கப் பார்த்தாள் என்பதுதான் சரி. கால் மட்டும் மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது என்று சொன்னாள்.

கல்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வீட்டு முற்றத்தில் செலரிப் பாத்தி. அவளுடைய முற்றத்தைப் பெயர்த்துக்கொண்டுவந்து வைத்த மாதிரி. வடக்கே சாய்த்து நட்ட சோளத்தட்டை. இருபுறமும் கத்தியால் சீவியதுபோல் அணைத்த மண். அதற்கு மேலே வெளியே தெரிந்த தண்டுகளின் மெலிவு, அந்த வாசனை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய்க் குனிந்து ஒரு செடியின் அடியில் விரலால் மண்ணை விலக்கினாள். இளஞ்சிவப்பு.

"யாருங்க அது?" என்று ஒரு பெண் வலை ஊசியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கடற்காற்று பட்டுச் சிவந்த முகம். "காய்கறி விக்கறீங்களா அக்கா? எங்ககிட்டயே நெறைய இருக்கு பாருங்க."

மெய்யிங்குக்கு வாயில் வந்தது ஒரு பொய். ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் சாய்லியனுக்குப் பக்கத்து வீடு. இதக் குடுத்துட்டு வரச் சொன்னா."

"அய்யோ, சாய்லியன் அக்கா ஊரா! உள்ள வாங்க, உள்ள வாங்க. கை ஐஸா இருக்கே!" குவோ லிங் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். "அவங்க மனசு யாருக்கு வரும்? வருஷா வருஷம் தவறாம செலரி அனுப்புவாங்க. அண்ணனுக்குக் கொதிப்புன்னு. நாங்களே போட ஆரம்பிச்ச அப்புறமும் நிறுத்தல பாருங்க. எங்க கல்யாணத்துக்கு வந்து எனக்குத் தலை வாரிவிட்டது அவங்கதான்."

அது எப்போது என்று மெய்யிங் கேட்டாள். குவோ லிங் சொன்னாள். அந்த வருடம், அந்தப் பருவம். சாய்லியன் கண் வைத்தியத்துக்கென்று துறைமுகத்துக்குப் போன சமயம் அது. அவள் திரும்பி வரும்வரை அவளுடைய பன்றிகளுக்குத் தவிடு கரைத்து ஊற்றியவள் மெய்யிங்தான்.

"இந்த வெதை ரொம்ப ராசிங்க" என்று குவோ லிங் ஜன்னல் வழியாகப் பாத்தியைக் காட்டினாள். "இவரோட மொதல் சம்சாரம் வெச்சிருந்ததாம். பாவம், சின்ன வயசுல செத்துட்டாங்க. மெய்யிங்னு பேரு. இவரு மண்ணு அணைக்கறப்ப யாரையும் கிட்ட விடமாட்டாரு. தானே செய்வாரு. நானும் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. கல்லறை நாள் வந்தா முச்சந்தில வட்டம் போட்டு, அவங்க பேரச் சொல்லி, அந்த உலகத்துச் செலவுக்குக் காகிதக் காசு எரிச்சுட்டுத்தான் வருவேன். செத்தவங்க மேல என்ன பொறாமை சொல்லுங்க?"

வெந்நீர்க் கிண்ணத்தை மெய்யிங் கீழே வைத்தாள். எழுந்து வெளியே போனாள். முதல் வரிசையில் ஒரு செடியின் குருத்துக்குள் மண் விழுந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தாள். உட்கார்ந்து இதழ் இதழாக விரித்து ஊதி எடுத்தாள். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் அது என்ன செய்யுமோ என்று பயமாக இருந்தது என்றாள்.

அவள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் பாவ்லின் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்தான். குவோ லிங் வாசற்படியிலிருந்து, "உங்க ஊர்லருந்து வந்திருக்காங்க. சாய்லியன் அக்காவுக்குப் பக்கத்து வீடாம்" என்றாள்.

கண் மூடித் திறக்கிற நேரம்தான். அதற்குள் மெய்யிங் என்னென்னவோ எதிர்பார்த்தாளாம். சைக்கிள் விழும் என்று, பேர் சொல்லிக் கூப்பிடுவான் என்று, குறைந்தது முகமாவது கறுக்கும் என்று.

"அட, வாங்க அக்கா" என்றான் பாவ்லின். "எவ்ளோ நாளாச்சு பாத்து! ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

அவனைவிட அவள் இரண்டு வயது சின்னவள்.

மெய்யிங் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவனைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள். "தங்கச்சி, நான் பக்கத்து வீட்டுக்காரி இல்ல. என் பேருதான் லுவான் மெய்யிங். நீ காகிதம் எரிக்கறியே, அந்த மெய்யிங்."

குவோ லிங் முதலில் சிரித்தாள். பிறகு பாவ்லினைப் பார்த்தாள். அவன் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"உசிரோட இருக்கறவளுக்கா?" என்றாள் குவோ லிங். "உசிரோட இருக்கறவளுக்கா என்ன எரிக்க வெச்ச? சொல்லு. என் கையால?"

"ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. சுத்தி ஆளுங்க இருக்காங்க" என்றான் பாவ்லின்.

"யாரு சத்தம் போட்டா?" என்று மெய்யிங் கேட்டாள். உண்மையில் யாருமே சத்தம் போடவில்லை.

அவள் கதவைத் தாண்டி இறங்கினாள். பாதி மேட்டில் அவன் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தான். புத்தாண்டுக்கு வராமல் இருந்தேனா, அறுப்புக்கு வராமல் இருந்தேனா, உனக்கும் பிள்ளைக்கும் என்ன குறை வைத்தேன் என்று அடுக்கினான். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"செத்துட்டேன்னு சொன்ன. சரி, உனக்கு வேற வழி தெரியல. எங்கிட்ட வந்து ஒவ்வொண்ணாக் கேட்டுக் கத்துக்கிட்டு, இங்க வந்து போட்ட பாரு. அது எதுக்கு? சந்தைல வெதையா கெடைக்கல?"

பாவ்லின் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரிந்தவன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அவளுக்கு அந்த வாசன ரொம்பப் புடிச்சுப்போச்சு."

ஊருக்குத் திரும்பியதும் மெய்யிங் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பின்தெருவுக்குப் போனாள். மாலை நேரம், நானும் அங்கே இருந்தேன். ருன்ஷெங்கின் காலைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் உள்ளே வந்ததும், மாவுக்கட்டோடு படுத்திருந்த ருன்ஷெங் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாய்லியன் மாவு பிசைந்த கையோடு நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை.

"தலை நல்லா வாரிவிட்டியாமே" என்றாள் மெய்யிங். "அவ சொன்னா."

"அண்ணி…"

"கண் எப்படி இருக்கு? வைத்தியம் பாத்த கண்ணு?"

சாய்லியன் அழ ஆரம்பித்தாள். "நான் என்ன பண்ணுவேன் அண்ணி? ஒரு பக்கம் கூடப் பொறந்தவன், ஒரு பக்கம் நீ. சொன்னா குடும்பம் ரெண்டாப் போயிடும்னு பயந்தேன். யான்சியூ படிக்கணும். உனக்குத் தெரியாத வரைக்கும் நீ சந்தோஷமாத்தான இருந்த? நெஞ்சத் தொட்டுச் சொல்லு, இருந்தியா இல்லியா?"

"இருந்தேன்" என்றாள் மெய்யிங். "அதத்தான் எடுத்துட்ட. இனிமே அந்த வருஷத்தையெல்லாம் நான் எப்படி நெனச்சுப் பாப்பேன்? ஒவ்வொரு குளிருக்கும் நீ என் மேடைல வந்து உக்காந்திருக்க. கொழுக்கட்ட மடிச்சிருக்க. அண்ணன் அப்படி இருக்கார், இப்படி இருக்கார்னு கத சொல்லியிருக்க. அவனுக்காவது எம் மூஞ்சியப் பாக்காம அங்க போய் ஒளிஞ்சுக்க எடம் இருந்துச்சு. நீ மூஞ்சியப் பாத்துக்கிட்டே செஞ்சிருக்கியேடி."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் அண்ணி!"

"என்ன இனிமே அண்ணின்னு கூப்புடாத."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, பாத்திரம் எறியவில்லை. அவள் போன பிறகு சாய்லியன் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பா?" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் முழுக்க விளங்கியது. மாவு காயுது, மூடி வை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மெய்யிங் என் கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. யான்சியூ அப்போது அதே துறைமுக ஊரில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். விடுதிக்குத் தொலைபேசி போட்டு மகளைக் கூப்பிடச் சொன்னாள். நான் சோயா சாடிகளைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

"யான்சியூ, அம்மா ஒண்ணு சொல்றேன், பதறாத. உங்க அப்பா…" என்று தொடங்கினாள். மகள் மனம் உடையாமல் சொல்லவேண்டும் என்று ராத்திரி முழுக்க வார்த்தை தேடியிருக்கிறாள். நாலு வார்த்தைதான் பேசியிருப்பாள், நிறுத்திவிட்டாள். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் வெளியே கேட்கும்.

"எனக்குத் தெரியும்மா."

மெய்யிங் பேசுகுழாயை அதன் இடத்தில் வைக்காமல், முட்டைக்கூடைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். "அம்மா… அம்மா…" என்று அது மேசைமேல் கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்து, "போயிட்டாம்மா" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊரில் நடப்பதுதான். யூ குடும்பத்துப் பெரியவர்கள் வந்து சூட்டு மேடையில் வரிசையாக உட்கார்ந்து, ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான், வயசான காலத்துல திரும்பி வந்துடுவான் என்றார்கள். "வரட்டும். இங்க அவனுக்குப் பொண்டாட்டி இல்ல" என்றாள் மெய்யிங். கல்யாணத்தன்று சிரித்த சித்தப்பா அன்றும் வந்திருந்தார். அவர் மட்டும் எதுவும் பேசாமல் முதலில் எழுந்து போனார். குளிர் விடும் முன் விவாகரத்து ஆயிற்று. வீடும் முற்றமும் அவளுக்கு, கோதுமை நிலத்தில் பாதி அவளுக்கு. பாவ்லின் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் நின்று சிகரெட் பிடித்தான்.

குவோ லிங் அவனை வெளியே தள்ளிவிட்டாள் என்று முதலில் கேள்விப்பட்டோம். வசந்தம் வந்ததும் மறுபடி சேர்த்துக்கொண்டாள் என்றும் கேள்விப்பட்டோம். இதை மெய்யிங்கிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னேன். பொய் சொன்னவர்களின் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகிவிடக்கூடாது என்று இருந்தது. "அவளுக்கு வேற யாரு இருக்கா" என்றாள்.

செலரி போடுவதை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். நான் கேட்டும் பார்த்தேன்.

"செடி என்ன அக்கா பண்ணுச்சு? போட்ட எடத்துல மொளச்சுது" என்றாள்.

அதற்கெல்லாம் முன்னால், அந்தக் குளிரிலேயே, புத்தாண்டு வந்தது. யான்சியூ வருவாளா என்று தெரியவில்லை. மெய்யிங் கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. புத்தாண்டுக்கு முந்தின நாள் கடைசிப் பேருந்துக்கு முந்தின பேருந்தில் அந்தப் பெண் தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினாள். என் கடை வாசலைத் தாண்டும்போது, "பெரியம்மா, அம்மா கதவத் தெறப்பாங்களா?" என்று கேட்டாள். போய்த் தட்டிப்பார் என்றேன்.

திறந்தாள். உள்ளே விட்டாள். குளிருக்குப் பள்ளத்தில் புதைத்து வைத்திருந்த செலரியை எடுத்துக் கழுவிக் கொத்தத் தொடங்கினாள். மகள் மாவை உருட்டித் தேய்த்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மடித்தார்கள். பாதித் தட்டு நிரம்பிய பிறகுதான் மெய்யிங் வாயைத் திறந்தாளாம்.

"எப்பலருந்து தெரியும்?"

"படிக்கப் போன மொத வருஷத்துலருந்து. தெருவுல ரெண்டு பேரையும் பாத்துட்டேன். அப்பா கெஞ்சினாரு. அம்மா தாங்கமாட்டான்னாரு."

"அந்த வீட்டுல சாப்டியா?"

யான்சியூ கை நின்றது. "சாப்டேன். ரெண்டு தடவ."

"என்ன போட்டா?"

"மொத தடவ மீனு. ரெண்டாவது தடவ கொழுக்கட்ட."

"செலரியா?"

"ஆமா. நம்ம செலரி. வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சுது. அழுதுகிட்டேதான் சாப்டேன் அம்மா."

"அழுதியான்னு நான் கேக்கல" என்றாள் மெய்யிங்.

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். "கொதிக்குது பாரு, போடு" என்றாள் அம்மா. இருவரும் சாப்பிட்டார்கள். வெளியே பட்டாசு வெடித்ததால் பேசாமல் சாப்பிட்டது அவ்வளவாகத் தெரியவில்லையாம்.

புத்தாண்டின் பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவரை யான்சியூ இருந்தாள். கிளம்புகிற அன்று அம்மா அவளோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து போனதை ஊரே பார்த்தது. பிறகு ஒருநாள் நான் மெய்யிங்கிடம், நாத்தனாரை மன்னிக்கமுடியாதவள் மகளை எப்படி மன்னித்தாய் என்று கேட்டேன்.

"மன்னிச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் எனக்குக் காரணம் சொன்னாங்க அக்கா. உன் நல்லதுக்கு, குடும்பத்துக்கு, பயத்துக்குன்னு. அவ ஒருத்திதான் சாப்டேன்னு சொன்னா."

யான்சியூ இப்போது எங்கள் வட்டார ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை வருகிறாள். சில வாரம் இருவரும் நன்றாகப் பேசிச் சிரிப்பது தெருவுக்குக் கேட்கும். சில வாரம் ஒன்றும் கேட்காது.

சாய்லியன் இன்னும் பின்தெருவில்தான் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. மாவு அரைக்கும் இடத்தில் மெய்யிங் உள்ளே இருந்தால் அவள் வெளியே மூட்டையோடு நிற்பாள். மழையானாலும் நிற்பாள். மெய்யிங் தன் மாவை வாங்கிக்கொண்டு, அவளைத் தாண்டி, வழக்கமான வேகத்திலேயே நடந்து போவாள்.